ரேகைக்குள் இறங்கும் பொடி

ஏழாவது கேள்வியை நான் வாசிக்கவே இல்லை. ஆறு முடிந்ததும் எட்டுக்குத் தாவிவிட்டேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த ஃபாரத்தில் இருந்த கேள்வியை எல்லாம் நான் சத்தமாக வாசிக்க வேண்டும், அம்மா பதில் சொல்ல வேண்டும், நான் டிக் போட வேண்டும். ஆறு வரைக்கும் அப்படித்தான் போனது. சர்க்கரை இருக்கிறதா, இல்லை. பிரஷர் இருக்கிறதா, இல்லை. முன்பு ஆபரேஷன் ஏதாவது, குடும்பக் கட்டுப்பாடு ஒன்றுதான். அப்புறம் ஏழு. கடந்த மூன்று மாதங்களில் நாட்டு மருந்து, பற்பம், செந்தூரம், லேகியம் ஏதேனும் உட்கொண்டீர்களா. கண் அந்த வரியில் ஓடும்போதே கை போய் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டது. நான் சொல்லிப் போடவில்லை, கையே போட்டது என்று சொன்னால் அதுவும் பொய், நான்தான் போட்டேன். அம்மா சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாரம் கொடுத்த பெனிட்டா அக்கா சின்னச் சின்ன டப்பாக்களில் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. இப்போது பஸ்ஸில் இருக்கிறோம். பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்து சிவதாபுரம் போகிற டவுன் பஸ், மணி பதினொன்றரை, அம்மா ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம், என் மடியில் பை, பைக்குள் ஆஸ்பத்திரி ஃபைல், ஃபைலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பதினோரு பொட்டலம். நாற்பத்தெட்டில் மிச்சம் பதினொன்று. ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும் என்று வாங்கியது. முப்பத்தேழு நாள் அம்மா வயிற்றுக்குள் போய்விட்டது. இன்றைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றதால் காலையில் கொடுக்காமல் பையில் எடுத்து வந்தேன், ரத்தம் எடுத்ததும் கொடுக்கலாம் என்று. எடுத்தாயிற்று. இட்லியும் சாப்பிட்டாயிற்று. அம்மா இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்வேன்.

பஸ் குழியில் இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் இடது பக்கம் என் கையில் வந்து இடிக்கிறது. அந்தப் பக்கம்தான். சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் உள்ளே, அக்குள் ஓரமாக, ஒரு நாவல்பழக் கொட்டை அளவு. நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், முதல் நாள் அம்மாவே என் கையைப் பிடித்து வைத்து இதென்னடி பாப்பா உருளுதே என்றாள், கொலுசில் கோக்கிற மணி மாதிரி இருந்தது, ஆனால் மணி நழுவும், இது நழுவவில்லை. வலிக்குதா என்றேன். இல்லைன்னுதான் விட்டுட்டேன் என்றாள். எத்தனை நாளா என்றேன். பொங்கலுக்கு முன்னால இருந்து என்றாள். அன்றைக்கு ஆவணி. கையை நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் நகர்த்தினால் அம்மாவுக்குத் தெரியும், ஏன் நகர்த்துகிறாள் என்று நினைப்பாள், அதனால் கையை அப்படியே வைத்திருக்கிறேன். பஸ் இடிக்க இடிக்க அது அங்கே இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. இத்தனைக்கும் துணிக்கு வெளியே ஒன்றும் தெரியாது, சதைதான் படுகிறது, இருந்தாலும் எனக்கு அது மட்டும் தனியாகத் தெரிகிற மாதிரி. உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கிறது இப்போது, இந்த நிமிஷம். தூங்குமா அது. பெனிட்டா அக்கா சொன்னதைக் கேட்டதில் இருந்து அதற்குக் காது இருக்கிற மாதிரியே தோன்றுகிறது. நான் நினைப்பது அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்று வேறு எதையாவது நினைக்கப் பார்க்கிறேன். கண்டக்டர் வந்து, "ரெண்டு மகளிரா? எங்க எறங்கணும்?" என்கிறார். சிவதாபுரம் என்கிறேன். "அதுக்கு ஏன் பாப்பா அழுவுற மாதிரி சொல்ற, டிக்கெட்டு ஓசிதான்" என்று இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். முன் சீட்டில் யாரோ சிரிக்கிறார்கள். நான் அழவில்லை. என் குரலே அப்படித்தான் வந்தது.

எனக்கு மூஞ்சிக்கு நேரே சொல்லித்தான் பழக்கம். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றதே அதனால்தான், நீங்க நடத்துறது உங்களுக்கே புரியல சார் என்று கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார், அப்பா லாரியோடு ஒடிசாவில் இருந்தார், அவர் வருகிற வரைக்கும் வீட்டில் அம்மாவோடு கொலுசு வேலைக்கு உட்கார்ந்தேன், அப்பா வந்து போன பிறகும் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு ஃபாரத்துக்குப் பயந்துவிட்டேன். போன மாதம் ஓ.பி.யில் எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாவை டாக்டர் திட்டியதைப் பார்த்தேன். பச்சிலை கட்டுனீங்களா, கட்டிட்டுக் கடைசியில இங்க வர்றீங்களா, அப்ப அவங்ககிட்டயே போங்க என்று. அந்த அம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றது. போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அது ஞாபகம் வந்தது. அம்மாவையும் போ என்று சொல்லிவிட்டால். வருகிற புதன்கிழமைதான் ஆபரேஷன், நாளும் நேரமும் எழுதிக் கொடுத்தாயிற்று, இந்த நேரத்தில் நான் வாயைத் திறந்து அது கெட்டுவிட்டால். அதனால்தான் போட்டேன். இது காரணம் மாதிரி இருக்கிறது. ஆனால் டிக் போட்ட அந்த ஒரு நொடியில் இத்தனையும் யோசித்தேனா என்ன. அந்த நொடியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, திட்டு வாங்கப் போவது நான். வாங்கிக் கொடுத்தது நான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவ்வளவுதான். இப்போது திரும்பி யோசிக்கும்போது அம்மாவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

வாங்கிக் கொடுத்தது நான். எங்கள் தெருவில் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிற கமலவேணி அக்காதான் சொன்னாள், வெள்ளி பற்பம் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் எப்பேர்ப்பட்ட கட்டியும் கரையும், அவளுடைய நாத்தனாருக்குக் கரைந்தது என்று. நாத்தனாருக்கு என்ன கட்டி, எங்கே கட்டி, நான் கேட்கவில்லை. வெள்ளி என்றதும் நம்பிவிட்டேன். வேறு ஏதாவது வேர், பட்டை என்றிருந்தால் போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்றிருப்பேன். வெள்ளி எங்களுக்குத் தெரிந்த பொருள். சோறு போடுவது அதுதான், நகக்கண்ணில் இருப்பது அதுதான், தலை துவட்டினால் துண்டில் வருவது அதுதான், அது நமக்குக் கெடுதல் செய்யுமா. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மருந்து விற்கிறவரிடம் போனேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து என் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்துப் பார் என்றார். நல்ல பற்பம் என்றால் விரல் ரேகைக்குள் இறங்கிவிடும், தண்ணீரில் போட்டால் மிதக்கும், வெயிலில் பிடித்தால் மின்னாது. தேய்த்தேன். எனக்குத் தெரியாததா. கண்ணி பற்றவைக்கிற பற்றாசுப் பொடியைத் தினம் இந்த விரலால்தான் எடுக்கிறேன். பொடி நைசாக இருந்தால்தான் நெருப்பு பட்டதும் சந்துக்குள் ஓடும், நெறநெறவென்று இருந்தால் மேலேயே உருண்டு நிற்கும், கொலுசு இரண்டு நாளில் விட்டுப்போகும். இது நெறநெறன்னு இருக்குதுங்க, இன்னும் நைசா வேணும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு பொடம் போட்டு எரிச்சதும்மா இது. இன்னும் நைசு வேணும்னா இன்னும் பொடம் போடணும். அடுத்த வாரம் வா." அடுத்த வாரம் போனேன். தேய்த்தேன். விரலில் பொடி இருக்கிற உணர்வே இல்லை, ஒன்றுமே இல்லை போல, ஆனால் ரேகை மட்டும் சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. கைநாட்டுக்கு மை தடவின மாதிரி. வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரில் ஒரு துளி தூவினேன், மேலே ஒரு படலமாக நின்றது, ஊதினால் நகர்ந்தது, மூழ்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாத்தியா, என்னை ஏமாத்த முடியுமா என்று பெருமை வேறு. முதல் வாரத்து நைசே போதும் என்று அன்றைக்கே வாங்கியிருந்தால். நான்தானே இன்னும் நைசு கேட்டேன். வேறு யார் கேட்டார்கள்.

இன்னும் நைசு. இன்னும் சின்னது. பெனிட்டா அக்கா பேனாவால் டக் டக் டக் என்று புள்ளி வைத்தது காதில் நிற்க மாட்டேன் என்கிறது. அவள் டாக்டர் இல்லை, யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள், ஆபரேஷனில் வெட்டி எடுக்கிற கட்டியில் டெஸ்ட்டுக்குப் போனது போக மிச்சத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கத்தான் வந்தாள். அதற்குத்தான் அந்த ஃபாரம், ஒரு நகல் டாக்டரின் ஃபைலுக்கும் போகுமாம். எதுக்கு அதை வச்சுக்கிட்டு என்றாள் அம்மா. பெனிட்டா அக்கா பழைய ஃபாரம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, வட்டம் வரைந்து, "இது ஒரு செல்லுன்னு வச்சுக்கங்கம்மா. உள்ள இப்பிடி ஒரு குழி இருக்கு. நம்ம உடம்புல சுரக்குற ஹார்மோன் வந்து இந்தக் குழியில ஒக்காரும். ஒக்காந்ததும் வளருன்னு உள்ள ஒரு சேதி போகும். உங்களுக்கு வந்திருக்கிறது அந்தச் சேதியைக் கேட்டு வளர்ற வகை. அதனாலதான் ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் மாத்திரை தருவாங்க, அந்தக் குழியை அடைக்கிறதுக்கு" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு அவசரம், அப்ப நீங்க என்ன பண்ணுறீங்க என்றேன். "நாங்க ரொம்ப ரொம்பச் சின்ன வெள்ளித் துகளை அந்தச் செல்லுக்கிட்ட விட்டுப் பாக்குறோம். சேதி போறது கொறையுதா கூடுதான்னு." வெள்ளி. அந்த வார்த்தையைக் கேட்டதும் பையை மடியோடு இழுத்துக்கொண்டேன். வெள்ளியா என்றேன். வெள்ளிதான் என்று சொல்லிக்கொண்டே வட்டத்தைச் சுற்றிப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். டக் டக் டக். சிலது வெளியிலயே நிக்கும். டக். சிலது செவுத்துல ஒட்டும். டக். சிலது உள்ள போயிரும். வட்டத்துக்குள் மூன்று புள்ளி. எவ்வளவு சின்னதுக்கா என்றேன். "உன் தலைமுடி ஒண்ணைக் குறுக்க வெட்டி, அந்த வெட்டுன எடத்துல வரிசையா நிக்க வச்சா ஆயிரத்துக்கு மேல நிக்கும்." சின்னதா ஆவ ஆவ என்ன ஆகும். "சின்னதா இருந்தாத்தான் உள்ள போக முடியும். பெருசா இருந்தா செல்லு வாங்காது." போயிட்டு. "அதைத்தான் பாக்குறோம். ஒரு அளவுல சேதி கொறையுற மாதிரி இருக்கு. வேற அளவுல வேற மாதிரி இருக்கு. தட்டுல வளக்குற செல்லு வேற, ஆளு ஒடம்பு வேற. இப்பவே இதுதான்னு சொல்ல முடியாது." வேறு மாதிரி என்றால் கூடுமா, கூடும் என்றுதானே அர்த்தம், நான் அதைக் கேட்கவில்லை, அதற்குள் ஃபாரத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். வாசிச்சுக் காட்டி டிக் போட்டுக் குடு பாப்பா, நீ நல்லாக் கேள்வி கேக்குற, என்ன படிக்கிற என்றாள். ஒன்றும் படிக்கவில்லை என்றேன். அதை மட்டும் பொய் சொல்லவில்லை.

இருபத்தொன்று, இருபத்தாறு. முதல் ஸ்கேனில் இருபத்தொரு மில்லிமீட்டர். இன்றைக்கு இருபத்தாறு. நடுவில் நாற்பத்திரண்டு நாள், அதில் முப்பத்தேழு நாள் பொட்டலம். ஐந்து மில்லி. ஐந்து மில்லி என்றால் எங்கள் சின்ன அரும்புக் கொலுசில் ஓர் அரும்பு. ஸ்கேன் எடுத்த மேடத்திடம் ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டேன், வேற மெஷின், வேற ஆளு அளந்தா ரெண்டு மூணு முன்னப் பின்ன வரும்மா என்றார். சரி, மூன்று போக இரண்டு. அந்த இரண்டு யாருடையது. மருந்து சாப்பிடாமல் இருந்தாலும் வளர்ந்திருக்கும், வளர்கிறது என்பதால்தானே வெட்டுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். இல்லை, நான் தினமும் விடிந்ததும் பொட்டலத்தைப் பிரித்து அம்மா கையில் கொடுத்துக் குழிக்குள் ஆள் அனுப்பினேனா, வளரு, வளரு என்று. யாருக்கும் தெரியாது. பெனிட்டா அக்காவுக்கே தெரியாது. தெரியாது என்பதுதான் தாங்க முடியவில்லை. ஆமாம் நீதான் செய்தாய் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அழுதுவிட்டு எழுந்திருக்கலாம். தெரியாது என்றால் எங்கே போய் உட்காருவது. கொலுசு என்றால் தீயில் காட்டிக் கண்ணியைப் பிரித்துவிடலாம், தப்பாகப் பற்றவைத்ததைத் திரும்பப் பற்றவைக்கலாம், கீழே சிந்தின தூளைக்கூடக் கூட்டி எடுத்து உருக்குகிறோம், எங்கள் வீட்டில் தூசிகூட வெளியே போகாது. அம்மாவுக்குள் சிந்தினதை எதை வைத்துக் கூட்டுவது.

செவ்வாய்ப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருக்கிறான். பஸ் நின்றுவிட்டது, இன்ஜினையும் நிறுத்திவிட்டார்கள், சட்டென்று எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்கிறது, பின்னால் யாரோ கடலை உடைக்கிறார்கள், அம்மா மூச்சு விடுகிறாள். அம்மா தூங்குகிறாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நாற்பத்திரண்டு வயது. அவள் கை என் முழங்காலில் கிடக்கிறது, விரல் ரேகை எல்லாம் கறுப்பு, பக்கத்தில் என் கை, அதிலும் கறுப்பு. சோப்பு போட்டாலும் போகாது, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது, வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான். இது கொலுசு வெள்ளியா, பொட்டலத்து வெள்ளியா. எந்த வெள்ளி முதலில் உள்ளே போனது. இருபது வருஷமாக அம்மா வெள்ளித் தூசியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அப்படிப் பார்த்தால் என் பொட்டலத்துக்கு முன்னாலேயே, வேண்டாம், இப்படிப் போனால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று அர்த்தம். தூசி தானாக வந்தது. பொட்டலம் நான் கொடுத்தது. இந்த அம்மாவிடம் போன வாரம்கூட எரிந்து விழுந்தேன். டீயில் மேலே ஒரு படலம் மிதந்தது, டம்ளரை ஒழுங்காக் கழுவுறியா இல்லையா, சோப்புத் தண்ணி அப்பிடியே நிக்குது என்று கத்தினேன். பாலாடைடி அது, குடி என்றாள். பாலாடை இந்த நெறத்துலயா இருக்கும், கண்ணு தெரியலன்னா சொல்லு, நானே போட்டுக் குடிச்சுக்கிறேன் என்றேன். நோய் வந்திருக்கிற அம்மாவிடம் ஒரு டீக்காக அப்படிப் பேசினேன். அம்மா, நான் குடிக்கிற வரைக்கும் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் நிக்கிற, போ என்றேன். அவள் பயம் அவளுக்கு. முதல் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைக் காட்டி இது மகளா, அம்மாவுக்கு வந்தா மகளும் வயசு ஆனதும் வருஷா வருஷம் பாத்துக்கணும் என்று சாதாரணமாகச் சொன்னபோது அம்மா முகம் மாறினதைப் பார்த்தேன். தனக்கு இருக்கிறது என்று சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை. வெளியே வந்து, நர்சு சும்மா சொல்லுது, உனக்கெல்லாம் வராது என்றாள். நான் கேட்கவே இல்லை. வீடு போகிற வரைக்கும் நாலு தடவை சொன்னாள்.

ரயில் வருகிறது. கூட்ஸ். பெட்டி முடியவே மாட்டேன் என்கிறது. டக் டக் டக் டக். கண்ணை மூடினால் பேனா, திறந்தால் ரயில். பைக்குள் கையை விட்டுப் பொட்டலங்களைத் தொட்டுப் பார்க்கிறேன், காகிதம் மெத்தென்று இருக்கிறது. ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம். எறிந்துவிட்டு, தீர்ந்துபோச்சு என்று சொல்லலாம். இன்னொரு பொய், அவ்வளவுதானே. புதன்கிழமை கட்டியை வெட்டி எடுப்பார்கள், பெனிட்டா அக்கா ஐஸ் பெட்டியில் அதை எடுத்துக்கொண்டு போய்த் தட்டில் வளர்ப்பாள், அதற்குள் என் வெள்ளி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், அவளுடைய புள்ளி எது, என் புள்ளி எது என்று தெரியாமல் அவள் பாட்டுக்குக் கூடுகிறது குறைகிறது என்று எழுதுவாள். எழுதட்டும். எனக்கு அவள் ஆராய்ச்சியா முக்கியம். டாக்டர் கத்தி வைக்கிறார், மயக்க மருந்து கொடுக்கிறார்கள், அப்புறம் மாத்திரை கொடுக்கிறார்கள், எல்லாம் ஏழாவது கேள்விக்கு இல்லை என்று நம்பி. மயக்க மருந்தும் இந்தப் பொடியும் உள்ளே ஒன்றை ஒன்று பார்த்தால் என்ன ஆகும். அதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள், சும்மாவா கேட்பார்கள். புதன்கிழமைக்கு ஐந்து நாள். ஃபாரத்தின் நகல் ஃபைலில் இருக்கிறது, கீழே பெனிட்டா அக்கா நம்பர், சந்தேகம் இருந்தா எப்ப வேணாக் கூப்புடு என்று கோடு போட்டுக் கொடுத்தாள். கேட் திறக்கிறது. இன்ஜின் உறுமினதும் அம்மா முழித்துக்கொண்டாள்.

"கேட்டு தாண்டிருச்சா?" என்கிறாள். இப்பத்தான் என்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டு, தண்ணி பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, அவள் பாட்டுக்கு, "அந்தப் பொட்டலத்தை எடு பாப்பா. வெறும் தண்ணியிலயே போட்டுக்கிறேன், ஒரு நாள் விடக் கூடாதுன்னாரில்ல" என்கிறாள். கையை நீட்டுகிறாள். உள்ளங்கை. நான் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். எடுக்கவில்லை. "எடுடி." வேண்டாம் என்கிறேன். "ஏன், தீந்துபோச்சா?" ஆமாம் என்று சொல்லிவிடலாம், அம்மாவே எடுத்துக் கொடுக்கிறாள், ஆமாம் என்றால் முடிந்தது. "தீரலம்மா. அது வேணாம். நிறுத்திரலாம். நான் ஃபாரத்துல பொய் போட்டுட்டேன்." அம்மாவுக்குப் புரியவில்லை. என்ன பொய்யி என்கிறாள். "நாட்டு மருந்து சாப்பிட்டியான்னு ஒரு கேள்வி இருந்துச்சு. உனக்கு வாசிக்காம இல்லைன்னு போட்டுட்டேன். அந்த அக்கா வெள்ளி வெள்ளின்னு சொல்லுச்சில்ல, பொட்டலத்துல இருக்கிறதும் அதுதான். அது உள்ள போயி என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியலையாம். நல்லது பண்ணுமா கெட்டது பண்ணுமான்னே தெரியலையாம். நான்தான் நைசா வேணும்னு வாங்கியாந்தேன். அளவு வேற கூடியிருக்கும்மா." பஸ் சத்தத்தில் இதையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முன் சீட்டில் கீரைக் கூடையோடு இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டது. அம்மா நீட்டின கையை மடக்கவில்லை. திட்டுவாள், அழுவாள், கமலவேணியைத் திட்டுவாள் என்று பார்க்கிறேன். அவள் என்னையே பார்க்கிறாள். என் முகத்தை, கழுத்தை, அதற்குக் கீழே. அன்றைக்கு நர்ஸ் சொன்னபோது மாறின முகம். "கெட்டதும் பண்ணுமா?" என்கிறாள். தெரியாதுன்னுதான் சொல்லுறாங்க என்கிறேன். "சின்னப் புள்ளைங்களுக்கு?" சின்னப் புள்ளைங்களுக்கு யாரும்மா குடுக்கப் போறா என்கிறேன், எரிச்சலாக வருகிறது, நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் இவள் என்ன கேட்கிறாள் என்று. அம்மா கையை மடக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். "நான் முழுசா எடுத்துக்கலடி. பாதிதான். மீதியை உனக்கு டீயில போட்டேன்."

டீ. பாலாடை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, நான் கடைசி மடக்கு வரைக்கும் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு. எத்தனை நாள் என்று கேட்கிறேன். வாங்கியாந்த மறுநாளே ஆரம்பிச்சுட்டேன் என்கிறாள். "எனக்கு வந்தது வந்துருச்சு. உனக்கு வராம இருக்கணும்னு. பலம்தானே, கட்டியே கரையுதுன்னா வர்றதுக்கு முன்னாடி சாப்பிட்டா வராதுல்லன்னு. உங்கிட்டச் சொன்னா நீ குடிக்க மாட்ட. எல்லாத்தையும் எனக்கே குடுப்ப." மூழ்காமல் மேலே நின்றதே. ஊதினால் நகர்ந்ததே. நான் ஊதி ஊதித்தான் குடித்தேன், சூடு என்று. என் கை தானாக மேலே போகிறது, துப்பட்டாவுக்கு மேலே, இடது பக்கம், அப்புறம் இது பஸ் என்று ஞாபகம் வந்து இறக்கிவிட்டேன். எனக்குள்ளும் குழி இருக்கிறதா. இருக்கும், எல்லோருக்கும் இருக்கும். எனக்குள் எந்தச் சேதி போய்க்கொண்டிருக்கிறது, முப்பத்தேழு பாதி. "ஒண்ணும் பண்ணாதில்ல பாப்பா?" என்கிறாள் அம்மா. "சொல்லுடி. நீதான் அந்தப் புள்ளைகிட்ட எல்லாம் கேட்டியே." சிவதாபுரம், சிவதாபுரம் என்று கண்டக்டர் கத்துகிறார். இறங்குகிறோம். யார் யாரைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம் என்று தெரியவில்லை.

பஸ் போய்விட்டது. நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. ஃபைலைத் திறந்து, நகலை எடுத்து, கோடு போட்ட நம்பரை அழுத்துகிறேன், இரண்டு தடவை தப்பாக அழுத்தி மூன்றாவது தடவை போகிறது. ஸ்பீக்கர்ல போடு என்கிறாள் அம்மா. போடுகிறேன். பெனிட்டா அக்கா எடுத்ததும் பெயர்கூடச் சொல்லவில்லை, "அக்கா, ஏழாவது கேள்வி தப்பு" என்கிறேன். சொல்கிறேன். எல்லாம். மூச்சு விடாமல். வெள்ளி பற்பம், முப்பத்தேழு நாள், சந்தை, நைசு. திட்டுவாள் என்று போனை முகத்தில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கிறேன். அவள் திட்டவில்லை. "மிச்சத்தைத் தூக்கிப் போட்டுறாத. அதுல என்ன இருக்குன்னே நமக்குத் தெரியாது, வெள்ளிதானான்னே தெரியாது. டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். நாளைக்கு எடுத்துட்டு வா, டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன். இனிமே எடுக்க வேணாம். நான் எழுதிக்கிறேன், இரு." போனுக்குள் பேனா சத்தம் கேட்கிறது. டக். டக். "சாப்பிட்டது அம்மா மட்டும்தானே?" அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். சொல்லாத என்று பிடித்திருக்கிறாளா, சொல்லு என்று பிடித்திருக்கிறாளா. இல்லைக்கா என்கிறேன். ரெண்டு பேரும். "ரெண்டு பேருன்னா?" நானும் என்கிறேன். டக். தாள் புரள்கிற சத்தம். "சரி. உனக்கும் தனியா ஒரு தாள் போடுறேன். பேரு சொல்லு." கோபிகா என்கிறேன். டக், டக், டக். "வயசு?" பதினேழு என்கிறேன். பதினெட்டுகூட ஆகலையா என்கிறாள்.

பேனா சத்தம் நின்றுவிட்டது.